ஒன்றேகால் வயது மூத்தவள்

சவரிநாதனின் பைக்கைப் பார்த்தாலே ராபினுக்கு வயிறு எரியும். பைக் ஒன்றும் புதுசு இல்லை. பின்னால் மீன் பெட்டி கட்டி, ஜெகதாப்பட்டினத்துக்கும் திருமயத்துக்கும் ஓடி ஓடி, சீட்டெல்லாம் செதில் ஒட்டிப்போன வண்டி. காலையில் அது முகாமுக்குள் நுழைந்தால் பூனைகள் எழுந்து நிற்கும். ஆனால் அதன் ஆர்.சி. புத்தகத்தில் சவரிநாதனின் மனைவி மரிய செல்வியின் பெயர் இருந்தது. அதுதான் ராபினுக்குப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்கு நம்பர் பிளேட்டுக்கு மேலே 'மரிய செல்வி' என்று சிவப்பில் எழுதியும் வைத்திருந்தான் அந்த ஆள். எழுதிக் கொடுத்ததே ராபின்தான். பெயிண்டர் அவன்தானே. எழுதும்போது பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

ராபினிடமும் பைக் உண்டு. ஓட்டுவது அவன், பெட்ரோல் போடுவது அவன், பஞ்சர் ஒட்டுவது அவன். பெயர் மட்டும் காண்ட்ராக்டர் உதயசூரியன் பெயர். திருமயம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவன் பெயருக்கு ஒரு வண்டியைப் பதிவு செய்வது லேசான காரியம் இல்லை. அதனால் முகாமில் ஓடுகிற வண்டிகளுக்கெல்லாம் வெளியூரில் ஓர் ஓனர் இருப்பான். போலீஸ்காரர் நிறுத்தி "வண்டி யாருது?" என்று கேட்டால், "முதலாளிதுங்க" என்று சொல்லிப் பழகிய நாக்கு ராபினுடையது.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது ஆகிறது. இலங்கையைப் பார்த்ததில்லை. அப்பா அம்மா மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அவன் பிறந்தது மண்டபம் முகாமில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். தொண்ணூறில் இந்த முகாமுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். எட்டாவது வரைக்கும் படித்தான். அதற்குமேல் ஏணியும் பிரஷ்ஷும்தான். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு அவன் வெள்ளையடித்த சுவர்களை ஒன்றோடொன்று சேர்த்து வைத்தால் ஒரு ஊரையே சுற்றி மதில் எழுப்பலாம். முகாமின் வாசலில் இருந்த 'அகதிகள் முகாம்' என்ற போர்டை அழித்து, 'மறுவாழ்வு முகாம்' என்று அரசாங்கம் மாற்றச் சொன்னபோது அந்தப் போர்டை எழுதியவனும் அவன்தான். எழுத்து மாறியது. உள்ளே நடக்கிற மாதாந்தர செக்கிங் மாறவில்லை. தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வரும். ஒவ்வொரு குடும்பமும் வரிசையில் நின்று முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். முகம் இல்லாதவனுக்கு அந்த மாத உதவித்தொகை கட்.

பொறாமை அவனுக்குச் சின்ன வயதிலேயே பழக்கமாகிவிட்ட வியாதி. பள்ளிக்கூடத்தில் சாதிச் சான்றிதழ் கொண்டுவந்த பையன்களைப் பார்த்துப் பொறாமை. வேலைக்குப் போன இடத்தில் கல்ஃபுக்குக் கிளம்புகிறவனின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பொறாமை. எல்லாவற்றையும் விட தேர்தல் நாள்தான் கொடுமை. அன்று கூடவேலை செய்கிற எல்லோருடைய விரலிலும் மை இருக்கும். ஒரு வருஷம் இவன் தாங்க மாட்டாமல், கதவுக்கு அடித்துக் கொண்டிருந்த கறுப்பு எனாமலில் ஒரு சொட்டெடுத்து விரலில் வைத்துக்கொண்டான். டீக்கடையில் ஒருவன் "யாருக்குப்பா போட்ட?" என்று கேட்டான். "அதச் சொல்லலாமாங்க?" என்று ராபின் சிரித்தான். அந்த ஒரு நாள் டீ மட்டும் வேறு ருசியாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஸ்வீட்டி, மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு பேசாமல் அந்த விரலைத் துடைத்துவிட்டாள்.

இப்போது அந்த ஸ்வீட்டிக்கே உண்மையான மை வரப்போகிறது என்றால் எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். மண்டபத்தில் பிறந்து வேறொரு முகாமில் இருக்கும் பெண் ஒருத்தி நீதிமன்றம் போய், நான் பிறவியிலேயே இந்தியக் குடிமகள் என்று நிலைநாட்டி, பாஸ்போர்ட்டும் ஓட்டும் வாங்கிவிட்டாள் என்ற செய்தி வந்தது. அதைக் கேட்டு இங்கே முதலில் எழுந்தவள் மரிய செல்வி. அவளுக்குக் கிடைத்தது. இரண்டாவதாக எழுந்தவள் ஸ்வீட்டி. அவளும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். ஆனால் அவளுடைய விண்ணப்பம் பாதியில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கேட்கத்தான் புருஷனும் பெண்டாட்டியுமாகப் புதுக்கோட்டையில் வக்கீல் திருமுருகன் வீட்டுக்குப் போனார்கள்.

வக்கீல் நல்ல மனுஷர். புரிகிற மாதிரி பேசுவார்.

"அம்பதாம் வருஷம் ஜனவரி இருபத்தாறுலேர்ந்து எம்பத்தேழு ஜூலை ஒண்ணு வர்றதுக்குள்ள இந்த மண்ணுல பொறந்த புள்ளைய, அப்பன் யாரு ஆத்தா யாருன்னு சட்டம் கேக்கல. பொறந்தாச்சா, குடிமகன். அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் பொறந்தவங்களுக்கு, பெத்தவங்கள்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும்னு மாத்திட்டாங்க. ஸ்வீட்டி பொறந்தது எம்பத்தாறு நவம்பர். மண்டபம் பிறப்புச் சான்று கையில இருக்கு. அவங்களுக்குக் கதவு தொறந்துதான் இருக்கு."

"நான் எம்பத்தெட்டு பிப்ரவரிங்க" என்றான் ராபின்.

"தெரியும்."

"அப்ப அந்த ஜூலை ஒண்ணாந் தேதி எங்கம்மா வயித்துல ரெண்டு மாசமா இருந்திருக்கேன்ல?"

"வயித்துல இருந்தது கணக்குல வராது ராபின்."

"எங்கம்மா இந்த மண்ணுலதானங்க நின்னா? ஆகாசத்துலயா நின்னா?"

வக்கீல் சிரித்துவிட்டார். ராபின் சிரிக்கவில்லை. அவன் தன் வாழ்நாளில் பொறாமைப்பட்ட ஆட்கள் எல்லோரும் எங்கோ வெளியில் இருந்தார்கள். இன்று அப்படிப்பட்ட ஒருத்தி பக்கத்து நாற்காலியில், அவன் வாங்கிக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். ஒரே கட்டிலாகக்கூட இருக்கலாம். ஒருத்தி நாட்டுக்காரி, ஒருத்தன் அகதி.

"எனக்கு வேற சட்டமே இல்லியாங்க? பத்தொம்பதுல ஒண்ணு போட்டாங்களே."

"அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்லேர்ந்து வந்த சில மதத்துக்காரங்களுக்கு. இலங்கை அதுல இல்ல. போன வருஷம் ஒரு உத்தரவு வந்துச்சு. பதிவு பண்ணி இங்க இருக்கவங்கள, பாஸ்போர்ட் இல்லாம வந்தீங்கன்னு தண்டிக்க மாட்டோம்னு."

"வந்ததுக்குத்தானங்க மன்னிப்பு? நான் எங்கிட்டிருந்து வந்தேன்?"

வக்கீல் ஸ்வீட்டியின் பக்கம் திரும்பினார். "ஒங்க விண்ணப்பம் நிக்கிறதுக்கு ஒரே காரணம், முகாம் பதிவுல ஒங்க பிறந்த வருஷம் எம்பத்தொம்போதுன்னு இருக்கு. சான்றுல எம்பத்தாறு. ரெண்டுல எது நெசம்னு விசாரிக்கச் சொல்லியிருக்காங்க."

கணவன் மனைவி இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

அந்த எண்பத்தொன்பதுக்கு ஒரு கதை உண்டு. ஸ்வீட்டி, ராபினைவிட ஒன்றேகால் வயது மூத்தவள். முகாமுக்குள்ளேயே பழகி, குழாயடியில் சண்டை போட்டு, பிறகு காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். பெண் மூத்தவள் என்று தெரிந்தால் சனம் சிரிக்கும் என்று ராபினின் அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். அதில் பெயரைத்தான் வாசிப்பார்கள், வயதை வாசிக்க மாட்டார்கள். அது தப்பியது. கல்யாணம் முடிந்து புதுக் குடும்பமாக முகாம் பதிவில் ஏற்ற வேண்டிய அன்று, பதிவு எழுத வந்தவர் பெண்ணின் வயதைக் கேட்டார். மாமியார் முந்திக்கொண்டு, "இருவது முடியலைங்க" என்றாள். எண்பத்தொன்பது விழுந்தது. ராபின் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினான். ஸ்வீட்டிக்கு அன்று அது வேடிக்கையாகக்கூட இருந்தது. நோகாமல் வயது குறைந்தால் யாருக்குக் கசக்கும்? அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை.

"அடுத்த செக்கிங் அன்னைக்கு தாசில்தார் ஆபீஸ் ஆர்.ஐ. மேடம் விசாரிப்பாங்க" என்றார் வக்கீல். "கல்யாணத்தப்ப வயசக் கொறச்சுக் கொடுத்தது எங்க வீட்டு ஆளுதான், எம் பொண்டாட்டி எனக்கு மூத்தவதான்னு நீங்க ஒங்க வாயால சொல்லிக் கையெழுத்துப் போடணும் ராபின். நீங்க சொல்லலேன்னா முரண்பாடுன்னு எழுதிக் கோப்ப மூடிருவாங்க. மறுபடி தொறக்க எத்தன வருஷம் ஆகுமோ."

"அவ சான்றுதான் இருக்கே. நான் எதுக்கு?"

"அந்தச் சான்றுல இருக்க ஸ்வீட்டிதான் இந்த ஸ்வீட்டின்னு யாராவது சொல்லணும்ல? அப்புறம் இன்னொண்ணு. ஒங்க பாப்பா காவ்யா பத்துல பொறந்தது. ரெண்டாயிரத்து நாலு டிசம்பருக்கப்புறம் பொறந்தா, ஒருத்தர் இந்தியரா இருந்து, இன்னொருத்தர் சட்டவிரோதமா வந்தவரா இல்லாம இருக்கணும். அம்மா பக்கம் நின்னுருச்சுன்னா, பாப்பாவுக்கு வழக்குப் பேச ஒரு கால் ஊணலாம். அப்பா பக்கம்தான் இடிக்கும். அத அப்புறம் பாத்துக்கலாம்."

அப்பா பக்கம்தான் இடிக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் ராபினின் காதில் அதுவேதான். பைக்கின் பின்னால் ஸ்வீட்டி உட்கார்ந்திருந்தாள். திருமயம் கோட்டை தூரத்தில் தெரிந்தபோது கேட்டாள்.

"சொல்லுவீங்கள்ல?"

"பாப்போம்."

"என்ன பாப்போம்?"

"ரோட்டப் பாக்கணும்ல, பேசாம வா."

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீட்டில் சோறு வெந்தது, பேச்சு வேகவில்லை. ராபின் விடியும்முன்பே வேலைக்குக் கிளம்பினான். சுவருக்குப் பட்டி போடும்போதெல்லாம் மனதுக்குள் ஒரே ஓட்டம். அவளுக்குப் பாஸ்போர்ட் வரும். கனடாவிலிருக்கும் அவளுடைய சித்தி, வா ஸ்வீட்டி என்பாள். ஓட்டுக் கேட்க வருகிறவர்கள் வாசலில் நின்று, "அம்மா இருக்காங்களா?" என்பார்கள். இவனைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்பார்கள். பதினேழு வருஷம் குடும்பத் தலைவன் என்று முகாம் பதிவில் முதல் பெயராக நின்றவன், அவளோடு ஒட்டிக்கொண்டிருப்பவனாக ஆகிவிடுவான். இதெல்லாம் நடப்பதற்கு அவனே, நூறு பேர் நடுவில், எம் பொண்டாட்டி எனக்கு மூத்தவ என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட வேண்டும். இதைவிட ஒரு தண்டனை உண்டா?

உதயசூரியன்கூட ஒருநாள் கேட்டார். "என்னப்பா, ஓம் பொண்டாட்டிக்கு வந்துட்டா பைக்க அவங்க பேருக்கே மாத்திரலாமேப்பா. எனக்கும் நிம்மதி."

"ஒங்க பேருலயே இருக்கட்டுங்கண்ணே" என்றான் ராபின் உடனே. சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. யாரோ ஒருவன் பெயரில் வண்டி ஓட்டுவது பொறுக்கிறது. பெண்டாட்டி பெயர் பொறுக்கவில்லை.

செக்கிங்குக்கு முதல்நாள் சாயங்காலம் ஸ்வீட்டி வாசலில் குத்துக்கல்லைப் போல நின்றுகொண்டாள். அவன் உள்ளே போக முடியவில்லை.

"நாளைக்கு இருப்பீங்களா, இல்ல காரைக்குடி வேலைன்னு ஓடிருவீங்களா?"

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நீ இந்தியாக்காரி. ஒனக்கு நான் எதுக்கு?"

"இதான் விஷயமா?"

"எது?"

"டேய் ராபின்." கல்யாணத்துக்கு முன் கூப்பிட்டதுபோல் கூப்பிட்டாள். மாமியார் இருந்தவரை 'என்னங்க' தவிர அவள் வாயில் வேறு வந்ததில்லை. "பொறாமைல வெந்துக்கிட்டிருக்கடா நீ. மூஞ்சியப் பாரு, சுண்ணாம்புக் காளவாய் மாதிரி."

"எனக்கென்ன பொறாம? நீ நல்லா இரு. கனடா போ."

"கனடாவா? திருமயத்துக்கே நீ கூட்டிட்டுப் போனாத்தான் போறேன். எனக்குக் கெடச்சா பாப்பாவுக்கு ஒரு வழி பொறக்கும்னு வக்கீலய்யா சொன்னாருல்ல?"

"அப்பன்தான் இடிக்கிறான்னும் சொன்னாரு."

"அதுக்கு நான் என்ன பண்ண? ஒன்னைய எட்டு மாசம் முன்னாடியே பெத்துப் போட்டிருக்கலாம் ஒங்கம்மா. அவங்ககிட்டத்தான் கேக்கணும்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். உள்ளே படித்துக்கொண்டிருந்த காவ்யாதான் சிரித்துவிட்டாள். ராபின் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கெல்லாம் முகாமின் சமுதாயக்கூடம் நிரம்பிவிட்டது. ராபின் காரைக்குடிக்குப் போகவில்லை. போகலாம் என்று ஹெல்மெட்டை எடுத்து, அப்புறம் செக்கிங்கில் பெயர் கட்டாகிவிடும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லி வைத்துவிட்டான். ஆர்.ஐ. மேடம் மேசைக்குப் பின்னால் இருந்தார். முகாம் தலைவர் பீட்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கூட்டம் கையெழுத்துப் போட்டுப் போட்டு நகர்ந்தது. ராபின் குடும்பம் வந்ததும் மேடம் பேனாவை நிறுத்தினார்.

"ஸ்வீட்டி யாரு? இங்க வாங்கம்மா. ஒங்க விசாரணை ஒண்ணு இருக்கு. கணவர் யாரு?"

"நாந்தாங்க மேடம்."

"ஒங்க மனைவியோட பிறந்த வருஷம் பதிவுல எம்பத்தொம்போதுன்னு இருக்கு. இவங்க எம்பத்தாறுங்கிறாங்க. கல்யாணத்தப்ப இந்த வயச யாரு கொடுத்தது?"

போன ஆட்கள்கூட வாசலில் திரும்பி நின்றார்கள்.

"எங்கம்மா கொடுத்தாங்க. அவங்க இப்ப இல்ல."

"சரி. அது தப்பா, சரியா?"

ராபின் பக்கவாட்டில் பார்த்தான். ஸ்வீட்டி அவனைப் பார்க்கவில்லை. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சரியாத் தெரியலைங்க" என்றான்.

ஸ்வீட்டியின் கை மேசையை விட்டது. அவ்வளவுதான். ஏசவில்லை, அழவில்லை. மேடம் அவளை ஒருமுறை, அவனை ஒருமுறை பார்த்தார்.

"புருஷனுக்கே தெரியலேன்னா நான் என்னம்மா பண்ண முடியும்? எம்பத்தொம்போதுன்னே இருக்கட்டும்னு எழுதிறவா?"

ராபினுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே குளிர்ந்தது. இனிமேல் ரெண்டு பேரும் ஒன்று. யாரும் யாருக்கும் முன்னால் இல்லை. மேடம் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து சவரிநாதனின் குரல் கேட்டது. மீன் விற்று முடித்த தெம்பில், பனியனோடு சுவரில் சாய்ந்து நின்றான்.

"எழுதிருங்க மேடம். அவுக ரெண்டு பேரும் ஜோடியா இருந்துட்டுப் போகட்டும். முகாமுக்கு எங்க செல்வி ஒருத்தி போதும். எல்லாருக்கும் சேத்து அவளே ஓட்டுப் போட்டுருவா. என்ன மச்சான்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மரிய செல்வி, "சும்மா இருங்க" என்று புருஷனைக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலிலும் ஒரு பெருமை தெரிந்தது ராபினுக்கு.

முகாமுக்கு ஒருத்தி. தேர்தல் வந்தால் ஜீப்புகள் நேராக அந்த வீட்டு வாசலுக்குத்தான் போகும். தண்ணீர் வரவில்லை, ரோடு சரியில்லை என்று மனுக் கொடுக்க முகாமே அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். சவரிநாதன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "சொல்லு மச்சான், செல்விகிட்டச் சொல்றேன்" என்பான். ஐந்து வருஷம். அடுத்த ஐந்து வருஷம். சாகிற வரைக்கும் அந்த மீன் நாற்றத்துக்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். அவன் பெண்டாட்டி இந்தியாக்காரி, என் பெண்டாட்டி மட்டும் அகதியா? எதில் குறைந்துவிட்டாள் ஸ்வீட்டி? அந்தச் செல்விக்கு ஆறு மாதம் முந்திப் பிறந்தவள்!

"மேடம், எழுதாதீங்க."

மேடம் நிமிர்ந்தார்.

"எம் பொண்டாட்டி எம்பத்தாறு நவம்பர். நான் எம்பத்தெட்டு பிப்ரவரி. எனக்கு அவ மூத்தவ. ஒண்ணேகால் வயசு மூத்தவ. எங்கம்மா வெக்கப்பட்டுக் கொறச்சுச் சொன்னா, நான் பக்கத்துல நின்னு தலைய ஆட்டுனேன். இதுல அவ தப்பு ஒண்ணும் இல்ல." மூச்சு வாங்கியது. பிறகு சவரிநாதனை முறைத்துக்கொண்டு, தேவையே இல்லாமல் இன்னொன்றும் சொன்னான். "மரிய செல்விக்கும் மூத்தவ. அதையும் எழுதிக்கங்க."

வாசலிலிருந்து யாரோ, "அப்ப ஸ்வீட்டிய நீ அக்கான்னுல்ல கூப்புடணும்!" என்றான். சமுதாயக்கூடத்துக் கூரை பறந்துவிடும்போலச் சிரிப்பு. பீட்டர் மேசையைத் தட்டி, "ஏம்ப்பா, ஆபீஸ் வேலை நடக்குது, பல்ல மூடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே தானும் சிரித்தார். சாட்சிக் கையெழுத்துக்கு அவரே பேனாவை வாங்கினார். அவருக்கும் பதினேழு வருஷமாக இந்த வயது தெரியும். முகாமில் யாருக்குத்தான் தெரியாது? ராபின் ஒருவன்தான் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தான்.

மேடம் எழுதிக்கொண்டே வாசித்தார். "கணவர் பேரு ராபின். தொழில் பெயிண்டர். தேசம்... இலங்கை."

"மேடம், அதுல 'இங்கதான் பொறந்தவன்'னு ஒரு வார்த்த போட முடியாதா?"

"எடம் இல்லப்பா. எல்லாருக்கும் இப்படித்தான் போடுறது."

ராபின் கையெழுத்துப் போட்டான். தான் பார்க்காத நாட்டுக்குப் பக்கத்தில் தன் பெயர். அடுத்து ஸ்வீட்டி போட்டாள். அவள் கையெழுத்து எப்போதுமே அவனுடையதைவிட அழகு. அதுவும் அன்று கண்ணில் குத்தியது.

"கோப்பு மேல போகும்" என்றார் மேடம். "நாளாகும். ஆனா இனி நிக்காது."

வெளியே வந்ததும் பெண்கள் ஸ்வீட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்தாள், ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். ராபின் ஓரமாக, செருப்பைத் தேடுவதுபோல் நின்றான். கூட்டம் கலைந்ததும் அவள் வந்தாள். இருவரும் வீட்டை நோக்கி நடந்தார்கள்.

"சவரிநாதன் மட்டும் வாயத் தொறக்கலேன்னா நீ சொல்லியிருக்க மாட்டல்ல?" என்றாள்.

ராபின் யோசித்துப் பார்த்தான். பொய் சொல்ல இன்று தெம்பில்லை.

"மாட்டேன்."

"அப்ப அவனுக்குத்தான் ஒரு கிலோ மீனு வாங்கணும்."

"வாங்கித்தான் பாரேன். அந்தச் சட்டியத் தூக்கி ரோட்டுல எறிஞ்சிருவேன்."

"எரியுதா?"

"எரியத்தான் செய்யுது. ஒனக்கு வந்தாலும் எரியுது, அவனுக்கு வந்தாலும் எரியுது. எனக்கு வர்ற வரைக்கும் எரியும். நீ பேசாம வா."

அவள் பேசாமல்தான் வந்தாள். ஆனால் எதிரில் வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், அவளிடம்தான் விசாரித்தார்கள். அவளும் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே நடந்ததில், தெரியாமலேயே இரண்டடி முன்னால் போயிருந்தாள். ராபின் அதைக் கவனித்தான். நடையை எட்டிப் போட்டு அவளுக்குச் சமமாக வந்தான். இன்னும் ஓர் எட்டுப் போட்டு முந்தப் பார்த்தான். ஸ்வீட்டி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தானும் எட்டிப் போட்டாள்.

குழாயடி வரைக்கும் அவள்தான் முன்னால்.